மழை குறைந்தால் ஆடு பெருகும்

இந்தக் காலத்தில் எவனும் வானத்தை நிமிர்ந்து பார்ப்பதில்லை, மழையைக்கூடத் திரையில்தான் தேடுகிறான் என்று முணுமுணுத்தபடியே வேளாண் அமைச்சக அறைக்குள் நுழைந்தார் விவசாயி சிசாலே. அவர் ஊர் மக்காச்சோளத்துக்கு உர மானியம் நீடிக்குமா, நிற்குமா என்று அங்கேதான் கணக்குப் போடுகிறார்கள்.

"உக்காருங்கப்பா" என்றாள், அந்தக் கணக்கைப் போடும் கணினிக் கருவியை வடிவமைத்த தமண்டா. "ஊர் நிலவரத்தச் சொல்லுங்க, போட்டுப் பாப்போம்."

"மழை பாதிதான்."

தட்டினாள். 'மானியம் தேவையில்லை' என்றது திரை. அதன் பக்கத்திலேயே ஊரின் ஆட்டு எண்ணிக்கை இரண்டு மடங்கானது.

"மழை இல்லன்னா ஆடு கூடுதலா குட்டி போடுமா? ஆடெல்லாம் சீக்குல செத்துப்போச்சுன்னு போடு."

தட்டினாள். ஏரியில் மீன் பெருகியது. மானியம் தேவையில்லை.

"உன் மெஷின் கெட்டுப்போச்சு மகளே!"

"நல்லாத்தான் ஓடுதுப்பா. இங்க இருக்கற ஆய்வாளருங்ககிட்ட என்ன வேணும்னு கேட்டுக் கேட்டுத்தான் செஞ்சேன். எல்லாரும் ஒரே வசதியத்தான் கேட்டாங்க."

"என்னது?"

திரையின் மூலையிலிருந்த சின்னப் பூட்டுப் படத்தைக் காட்டினாள்.

"பதில மேலிடம் முதல்லயே சொல்லிருதாம். அதப் பூட்டிட்டா, மத்த கணக்கெல்லாம் அதுக்கேத்தாப்ல தானா மாறிக்கணுமாம்."

சிசாலே தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"எங்க ஏரி வத்திப்போச்சு. அந்த மீன நீங்களே ந்சிமாக் களியோட தின்னுங்க."

வாசலைத் தாண்டியதும் வானத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு நடந்தார்.