சுருக்கச் சுருக்க நீளும் வீடியோ

மனைவி இறந்ததிலிருந்து எதிர்வீட்டுத் தையல்காரருக்குக் கம்ப்யூட்டரே கதி. எனக்கு இருப்புக்கொள்ளுமா? ரவிக்கை தைக்கக் கொடுக்கிற சாக்கில் போனேன்.

இறந்துபோன அக்கா துணி உலர்த்துவதை அவர் எடுத்த ஒரே வீடியோ, நாற்பது நொடி. மகளுக்கு அனுப்புவதற்காக ஃபைல் அளவைச் சுருக்கினாராம். நாற்பத்தாறு நொடி ஆகிவிட்டதாம். கூடுதல் ஆறு நொடியில் அவள் திரும்பிச் சிரித்தாளாம். ஆசையில் பழையதை அழித்துவிட்டு, சுருக்கியதையே திரும்பத் திரும்பச் சுருக்கியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் நேரம் கூடியது, படத்தில் அவள் முகம் கலங்கியது.

இப்போது ஒரு மணி நேரம் ஓடுகிறது. திரை முழுக்கச் சாம்பல் கட்டங்கள்.

"இதுல அக்கா எங்கண்ணே?"

"சும்மா இரும்மா, பேசப்போறா."

பேசினாள். "போதும்ங்க. என் மொகமே உங்களுக்கு மறந்துடும்."

வீடியோ அதோடு முடிந்தது. அடுத்து என்ன சொல்வாள் என்று கேட்க, அவர் மறுபடியும் சுருக்கினார்.