படுத்தே நடித்தவன்

பெரியமுத்து ரெண்டு வருஷமாகக் கோமாவில் கிடந்தான். அதற்கு மாசாமாசம் சம்பளமும் வாங்கினான்.

கேரள எல்லையில், வாளையாரில் ஒரு பழைய குடோனைப் பிடித்து, எல்லையோரத் தமிழர்களுக்கென்றே ஆரம்பித்த சேனல், மாதுளை டிவி. அதில் ராத்திரி எட்டு மணி சீரியலில் கதாநாயகியின் புருஷன் அவன்தான். கதை ஆரம்பித்த சூட்டிலேயே மாடிப்படியில் உருண்டான். ரெண்டு நாளில் பிழைத்து எழுவதாகத்தான் ஏற்பாடு. ஆனால் அவன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த அன்றைக்கு ரேட்டிங் எகிறித் தொலைத்தது.

"அசையாதே கேட்டோ" என்றார் மலையாளி டைரக்டர் பிஜு. "நீ எந்திரிச்சா சேனல் படுத்துரும்."

ஹைவேயில் லாரிக்காரன் ஹாரன் அடித்தால் மற்ற நடிகர்கள் திடுக்கிட்டு வசனத்தை மறந்துவிடுவார்கள். பெரியமுத்துவுக்கு இமைகூட ஆடாது. அதில் அவனுக்கு ஏகக் கர்வம்.

அவன் கிடந்த கிடப்பில், சும்மா வந்துகொண்டிருந்த சேனல் காசு கட்டிப் பார்க்கிற சேனலாக உயர்ந்தது.

தினமும் சாயங்காலம், இடுக்கித் தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து எடுத்துக்கொண்டு, லயம் என்கிற கூலிக்காரர் வரிசைவீட்டில் இருக்கும் அம்மா சந்தனத்துக்குப் போன் போடுவான்.

"நேத்து பாத்தியாம்மா?"

"பாக்காம? லயத்துச் சனம் பூராம் நம்ம வீட்டுலதான். நல்லாப் படுத்திருந்தய்யா."

"மூச்சு?"

"அம்சமா விட்ட."

எஸ்டேட் ஃபேக்டரியில் கிடைத்த வேலையை உதறிவிட்டு நடிக்க வந்தவனுக்கு வேறென்ன வேண்டும்? தன் ஜனங்கள் பார்க்கிறார்கள், அது போதும்.

ஆனால் மற்ற ஜனங்களுக்கு அலுத்துவிட்டது. "காசும் கட்டி, ஒருத்தன் தூங்குறதையும் பாக்கணுமா?" என்று ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள்.

ஒரு மத்தியானம், ஷூட்டிங் நடுவிலேயே சேனலை மூடும்படி உத்தரவு வந்தது. எல்லோரும் கட்டிப்பிடித்து அழுதார்கள், கடைசிப் பிரியாணியைச் சாப்பிட்டார்கள், போய்விட்டார்கள். பெரியமுத்துவிடம் சொல்லத்தான் ஒருவருக்கும் தோன்றவில்லை. சீன் பிரமாதமாகப் போகிறதென்று அந்த அழுகைக்கெல்லாம் அவன் இன்னும் ஆழமாகக் கிடந்து கொடுத்தான். சாயங்காலம் வாடகைக் கட்டிலைத் திரும்ப எடுக்க வந்த ஆட்கள்தான் உலுக்கி எழுப்பினார்கள்.

அம்மாவிடம் எப்படிச் சொல்வது? மறுநாள் போன் போட்டான்.

"நேத்தும் நல்லாப் படுத்திருந்தய்யா" என்றாள் சந்தனம்.

பழைய எபிசோடைப் போட்டிருப்பார்கள் என்று முதலில் நினைத்தான். அடுத்த நாளும் அதையே சொன்னாள். அதற்கடுத்த நாளும் மூச்சு அம்சமாகத்தான் இருந்தது. டிவியைப் போட்டுப் பார்த்தான். மாதுளை இருந்த இடத்தில் வெறும் நீலத் திரை.

அப்போதுதான் உறைத்தது. அம்மா பார்க்கவே இல்லை! எத்தனை நாளாய் இந்தப் புளுகு? பெற்ற பிள்ளை நடிப்பதைப் பார்க்க ஒரு அரை மணி நேரம் கிடைக்கவில்லையா?

அழுகையும் ஆத்திரமுமாக மலைக்குப் பஸ் ஏறினான்.

லயத்து வாசலில் அம்மாவைப் பார்த்ததும் பையைக்கூட இறக்கி வைக்கவில்லை.

"சேனலை மூடி நாலு நாளாச்சு. நேத்து என்னத்தம்மா பாத்த?"

சந்தனம் வாயைப் பிளந்தாள். "மூடிட்டானா?"

"மூடிட்டான்."

"நெசமாவா? இனிமே வரவே வராதா?"

"வராது!"

"மாரியாத்தா! கண்ணத் தொறந்துட்டியே தாயி!" சந்தனம் வானத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். "ஏட்டி சித்ரா, மூடிட்டானாம்டி!"

பக்கத்து வீட்டுச் சித்ரா கையில் தேங்காயோடு ஓடிவந்தாள். லயத்துச் சனமெல்லாம் கூடிவிட்டது. யாரோ குலவைகூடப் போட்டார்கள். தேங்காய் சில்லுச் சில்லாகச் சிதறியது.

பெரியமுத்து பையைத் தரையில் போட்டான். "என் பொழப்புல மண்ணு விழுந்திருக்கு, நீங்க தேங்கா ஒடைக்கீங்களா? இந்த லயத்துல ஒருத்தராவது நான் நடிச்சதப் பாத்தீங்களா?"

"இல்ல தம்பி" என்றாள் சித்ரா. "இங்க ஒத்த வீட்டுலகூட அந்தச் சேனல் கெடையாது."

"ஏன் சித்ராக்கா? அம்புட்டு மோசமாவா நடிச்சேன்?"

சந்தனம் அவன் கையையும் காலையும் மாறி மாறித் தடவிக்கொண்டிருந்தாள். சித்ராதான் சொன்னாள்.

"மொத நாள் எல்லாரும் கூடித்தான் பாத்தோம். மூக்குல கொழாயோட நீ கண்ணத் தொறக்காமக் கெடந்தியா, உங்கம்மா ஓடிப்போயி டிவியக் கட்டிப்பிடிச்சுக்கிட்டாக. 'எந்திரிய்யா, எந்திரிய்யா'ன்னு ஒரே அழுகை. நடிப்புன்னு எம்புட்டோ சொன்னோம், கேக்கல. அந்தச் சீரியல் பாட்டு அவுக காதுல விழுந்துறக் கூடாதுன்னுதான் லயத்துல அம்புட்டு வீட்டுலயும் சேனல எடுத்துவிட்டோம். தெனமும் நீ போன் போட்டு உன் சத்தத்தக் கேட்டப்புறந்தான் கஞ்சியில கைய வைப்பாக."

பெரியமுத்து அம்மாவைப் பார்த்தான். அவள் இன்னும் அவன் கையை விடவில்லை.

"நீ நல்லாத்தான்யா நடிச்சிருப்ப" என்றாள் சந்தனம். "எனக்குத்தான் பாக்க முடியல."