அழிக்கச் சொன்ன பெயர்

"என் பேரை அழிச்சிடுங்க, வாத்தியாரே."

கெங் தாலினுக்குக் குடித்துக்கொண்டிருந்த தேநீர் புரையேறியது. இருமி முடித்து, எதிரே நின்ற லுவோவை ஏற இறங்கப் பார்த்தார்.

"காலங்காத்தால கனவு கினவு கண்டியா?"

"இல்லை. நல்லா யோசிச்சுத்தான் சொல்றேன்."

தியென்ஜின் நகரத்து ஓரத்தில் ஒரு கல்பட்டறை. இருவருக்கும் நடுவே ஆளுயரக் கருங்கல் ஒன்று படுத்துக் கிடந்தது. அவர்களுடைய தற்காப்புக்கலைப் பள்ளியின் பெரிய குருவுடைய கல்லறைக்கான கல். உச்சியில் அவர் பெயர். அதன் கீழே அவருடைய நேர்ச் சீடர்கள் ஒரு வரிசை. அதற்கும் கீழே, அந்தச் சீடர்களின் சீடர்கள். எல்லாம் சிவப்பு மையில் எழுதியாயிற்று. கல்தச்சர் காலைப் பலகாரத்துக்குப் போயிருந்தார். வந்ததும் உளியை எடுத்துவிடுவார். அதன் பிறகு யார் நினைத்தாலும் எதையும் அழிக்க முடியாது.

மேல் வரிசையில் முதல் பெயர் கெங்குடையது. அதற்குப் பக்கத்தில் ஈரத்துணியைப் போட்டு, அதன்மேல் தேநீர்க் குடுவையை வைத்திருந்தார். கீழ் வரிசையில் முதல் பெயர் லுவோவுடையது.

லுவோவுக்கு வயது ஐம்பத்தெட்டு. வாத்தியாருக்கு ஐம்பத்தைந்துதான். ஆனால் வட்டமாக நடந்து நடந்தே பழகும் பாகுவா என்ற அந்தக் கலையைக் கற்கிறவர்களிடம் பிறந்த தேதி செல்லுபடியாகாது. யார் யாரை எப்போது விழுந்து வணங்கிச் சீடரானார் என்பதுதான் பேச்சு. அதனால் சின்னவர் 'நீ' என்பார், பெரியவர் 'நீங்க' என்பார்.

"பதினெட்டு வருஷம்! பனி கொட்டினாலும் ஆத்தங்கரை மரத்தைச் சுத்திச் சுத்தி நடந்தியே. மூணு வருஷம் கையைத் தூக்கவே விடலை நான். அப்பகூட நீ முணுமுணுக்கலை. இப்ப கல்லுல ஏறப்போற நேரத்துல வேணாங்கறே. எந்தப் பள்ளிக்காரன் உன்னைக் கொத்திக்கிட்டுப் போறான்?"

"யாரும் இல்லை. நடக்கறதை விடமாட்டேன். தனியா நடந்துக்கறேன். பேர் மட்டும் வேண்டாம்."

"இங்க இடம் கிடைக்க அவனவன் என்ன பாடு படறான் தெரியுமா? இதோ, மேல் வரிசையில கடைசியா இருக்கானே ஃபான். பெரிய குரு கண்ணை மூடி ஆறு மாசம் கழிச்சு வந்து அழுதான். மூத்தவன்கற முறையில நான்தான் ஊதுவத்தி கொளுத்தி, குருவோட படத்துக்கு முன்னால விழவச்சு, அவர் சார்பா, அவரோட நேர்ச் சீடனாவே சேர்த்துக்கிட்டேன். நீ என்னடான்னா கிடைச்ச இடத்தைத் தூக்கி எறியறே!"

லுவோவின் கண்கள் தன் பெயரின் மூன்று சீன எழுத்துகளுக்குப் போயின. பஸ் ஓட்டியே காலம் தள்ளியவர் அவர். உலகத்தில் வேறு எங்கேயும் அந்தப் பெயரை யாரும் செதுக்கப் போவதில்லை.

"காரணத்தைச் சொல்லு. இல்லேன்னா துணியைத் தொடமாட்டேன்."

லுவோ தலையைக் குனிந்துகொண்டார். "பாய் யுன் அத்தை..."

பாய் யுன் பதினாறு வயதிலேயே பெரிய குருவிடம் சேர்ந்தவர். கெங்குக்கு அடுத்தவர், தங்கை முறை. லுவோவைவிட ஐந்து வயது இளையவர் என்றாலும், பள்ளி முறைப்படி அவருக்கு அத்தை.

"அவளுக்கு என்ன?"

"போன குளிர்காலத்துல என் நடையைப் பார்த்துட்டு, இடது கால் சரியாத் திரும்பலைன்னு திருத்தினாங்க. மறுநாள் ஒரு டப்பா கொழுக்கட்டை கொண்டுவந்தாங்க. அதுக்கு மறுநாள், 'அத்தைன்னு கூப்பிடாதீங்க'ன்னாங்க."

"ஓஹோ."

"என் சம்சாரம் போய் ஒன்பது வருஷமாச்சு. அவங்களும் தனிக்கட்டை. கட்டிக்கலாமான்னு நான்தான் கேட்டேன். முறை இல்லையேன்னு அழுதுட்டாங்க."

"அழாம என்ன செய்வா? ஒரே வரிசைன்னா ஒரு பய வாயைத் திறக்கமாட்டான். சேர்ந்து கத்துக்கிட்டவங்க கட்டிக்கறது நம்மகிட்ட எப்பவும் உண்டு. ஒரு வரிசை மேல கீழ ஆச்சுன்னா ஊரே சிரிக்கும். கல்லறையில வந்து நின்னு கேலி பேசுவானுங்க."

"அதனாலதான் நான் வெளியாளா ஆயிடறேன். அவங்க பேர் இருக்கட்டும். முப்பத்தேழு வருஷ உழைப்பு, வாத்தியாரே. அவங்களுக்குன்னு இருக்கறதே அது ஒண்ணுதான்."

கெங் குடுவையை நகர்த்தினார். துணியை எடுத்தார், கீழ் வரிசையின் முதல் பெயரை அழுத்தித் துடைத்தார். கேட்டு வாங்கிக்கொண்டதுதான். ஆனாலும் லுவோவுக்குத் தாங்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு சட்டைக் கையால் கண்ணை ஒற்றினார்.

"வரேன், வாத்தியாரே."

"இரு. போறதுக்கு முன்னால இதையும் பார்த்துட்டுப் போ."

லுவோ திரும்பினார். மேல் வரிசையில், குடுவை இருந்த இடத்தில், பாய் யுன் பெயர் இல்லை. வெறும் கல்தான் இருந்தது, லேசான சிவப்புக் கறையோடு.

"ஆறு மணிக்கே வந்துட்டா. 'அவர் பேர் இருக்கட்டும், என் பேரை அழிச்சிடுங்க அண்ணே'ன்னு பிடிவாதம். சரி, நீ என்ன பண்றேன்னு பார்க்கலாம்னுதான் துணியைப் போட்டு மூடி வச்சேன்."

கெங் தூரிகையை மையில் தோய்த்து, பாய் யுன் பெயரைப் பழைய இடத்திலேயே எழுதினார். பிறகு அதே மேல் வரிசையில், ஃபானுக்கு அடுத்து, மூன்று எழுத்துகளை நிதானமாக எழுதினார். லுவோவின் பெயர்.

"சாயந்தரம் ஊதுவத்தி வாங்கிட்டு வா. பெரிய குரு படத்துக்கு முன்னால விழணும்."

"வாத்தியாரே..."

"வாத்தியாராவது, வாத்தி மண்ணாவது! இன்னியிலேர்ந்து அண்ணேன்னு கூப்பிடு" என்றார், அவரைவிட மூன்று வயது சின்னவர்.