ஏரி ஏன் வத்துது

"துப்புடா, குடிச்சதத் துப்பு"ன்னு தம்பி வசந்த்தோட கன்னத்த அமுக்கினா தர்ஷினி. அவன் எப்பவோ முழுங்கிட்டான்.

புனே பக்கம் தேஹு ரோடுல ரெண்டு நாளா குழாயில தண்ணி வரல. காலையில காலியா இருந்த டிரம் இப்ப தளும்புது. மேல நீல நாணல் ஒண்ணு மிதக்குது. அது அவ ஆடுற கேம்ல, வத்திக்கிட்டே போற ஏரியில மட்டும்தான் முளைக்கும். அந்த ஏரித் தண்ணியக் குடிக்கிறவன் வீடு ஏரிக்கடியில போய் நிக்கும்னு, லைக் வேணும்னு அவதான் நெட்டுல ஒரு தியரி அடிச்சு விட்டிருந்தா.

"நீ கதை விட்டா என் கன்னத்த ஏன்டி அமுக்குற?"ன்னு சீறினான் வசந்த்.

"வாய மூடு"ன்னுட்டு போன்ல கேமைத் திறந்தா. ஏரிக்கடியில எப்பவும் ஆறு வீடு. இப்ப ஏழு. ஏழாவது வாசல்ல அம்மா இன்னிக்குப் போட்ட அதே கோலம். ஜன்னல்ல வசந்த் நின்னு, "அக்கா"ன்னு வாயசைக்கிறான்.

அப்ப பக்கத்துல நின்னு அவளத் திட்டிக்கிட்டு இருக்கிறது யாரு?