தெற்கே போகாத வாத்து

சைபீரியாவில், ஓப் ஆற்றங்கரைச் சதுப்பில் ஓர் எண்ணெய்க் கிணறு இருந்தது. எண்ணெயோடு சேர்ந்து வரும் வாயு யாருக்கும் வேண்டாததால், உயரமான குழாயின் முனையில் அதைச் சும்மா எரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சுடரைச் சுற்றி மட்டும் பனி தங்காது. புல் பச்சையாகவே இருக்கும்.

குளிர் தொடங்கியதும் காட்டு வாத்துகள் தெற்கே கிளம்பின. ஒரு வாத்து மட்டும் நகரவில்லை.

"வரலையா?" என்று கேட்டது அதன் ஜோடி.

"எதுக்கு இறக்கை வலிக்கப் பறக்கணும்? இங்கேயே கதகதன்னு இருக்கே. நீயும் இரேன்."

ஜோடி வானத்தையும் அதையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பறந்துபோனது.

நடுக்குளிரில், ஆறு பாறையாய் இறுகிக் கிடந்தபோது, சுடர் தாழ்ந்தது.

"என்ன ஆச்சு, உடம்பு சரியில்லையா?" என்று வாத்து பதறியது.

"நல்ல சேதிதான். எனக்கும் விலை கிடைச்சிருச்சு. புதுக் குழாய் போட்டிருக்காங்க. இன்னிக்கே நகரத்துக்குக் கிளம்பறேன்" என்றது சுடர் பெருமையாக.

"அப்போ நான்?"

"என்னை வேண்டாம்னு விட்டதாலதானே உனக்குக் கிடைச்சேன்?"

யாரோ வால்வைத் திருகி மூடினார்கள். வாத்து இறக்கையை விரித்துப் பார்த்தது. அதன் காலடிப் புல்லில் முதல்முறையாகப் பனி தங்கியது.