அத்திப்பள்ளிக்கு வந்த யானை

இதில் ஒரு சொல் பொய்யானாலும் எனக்கு மிச்சமிருக்கிற நாலு பல்லும் இன்றைக்கே கொட்டிப்போகட்டும்! மலைமேல் உட்கார்ந்திருக்கிற சந்திரசூடேஸ்வரர் சாட்சி. அத்தனையும் நிஜம்.

"யானையா?" என்றார் டாக்டர்.

"ஆமாங்க சார். சானமாவு காட்டு யானை. அத்திப்பள்ளிகிட்ட ரோட்டுக்குக் குறுக்கால நின்னுக்கிச்சு. பஸ்ஸை விடலை." சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார் நல்லுசாமி.

பக்கத்தில் நின்ற முனிராஜுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

தொண்ணூற்றிரண்டாம் வருஷம், ஒரு திங்கட்கிழமை காலை. ஓசூரில் அந்த ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே அறைக்கு ரெண்டே பேர். நாமக்கல் பக்கத்து நல்லுசாமி சீனியர். உள்ளூர்க்காரன் முனிராஜ் ஜூனியர்.

டிகிரி முடித்த நல்லுசாமிக்கு நாற்பது வயதில் ஓர் ஆசை. எக்ஸ்ரே, ஸ்கேன் சம்பந்தமான மேல்படிப்பைத் தபாலில் படித்துக்கொண்டிருந்தார். பார்சலில் பாடப் புத்தகம் வரும். டீ ஆறுவதுகூடத் தெரியாமல் படிப்பார். ரெண்டு வருஷப் படிப்புக்குக் கடைசியாக ஒரே ஒரு செய்முறைப் பரீட்சை, ஞாயிற்றுக்கிழமை, பெங்களூரில். அதில் தேறினால் ஆஸ்பத்திரிக்கு வரப்போகிற புது ஸ்கேன் மிஷினுக்கு அவர்தான் பொறுப்பு என்று டாக்டர் வாக்குக் கொடுத்திருந்தார்.

அந்தப் பரீட்சைக்குத்தான் மனுஷன் போகவில்லை.

"ஏண்ணா," என்றான் முனிராஜ், "பெங்களூரு இருக்கிறது வடக்கால. சானமாவு இருக்கிறது ராயக்கோட்டை ரோட்டுல. யானை எப்படிண்ணா பார்டர் தாண்டி அத்திப்பள்ளிக்கு வந்துச்சு? செக்போஸ்ட்டுல பர்மிட் வாங்கிச்சா?"

தரை துடைத்துக்கொண்டிருந்த ஆயா வெங்கடம்மா நிமிர்ந்தாள். "கர்நாடகா யானையா இருக்கும் சாமி. லீவுல ஊருக்குப் போயிருக்கும்."

டாக்டர் சிரிக்கவில்லை.

"அது கிடக்கட்டும். சனிக்கிழமை ஃபேக்டரி வேலைக்கு அறுபது பொண்ணுங்களுக்கு நீங்க ரெண்டு பேரும் மாத்தி மாத்தி நெஞ்சுப் படம் எடுத்தீங்களே. அதுல நாகரசம்பட்டி ஜெயமணி. நுரையீரல்ல நிழல் இருக்கு, டி.பி. சந்தேகம், வேலைக்குத் தகுதியில்லைன்னு எழுதினேன். அழுதுகிட்டே போச்சு. இன்னிக்குக் காலையில அதே பொண்ணுக்கு, ஒரு பொட்டு நிழல் இல்லாத பிலிமைக் கொண்டுவந்து நீட்டுறீங்க. நானும் திருத்திக் கையெழுத்துப் போட்டேன். இப்போ சொல்லுங்க, என்ன நடந்துச்சு?"

"முதல் பிலிம்ல ஜடை தோள்மேல விழுந்திருந்துச்சுங்க சார். அந்த நிழல்தான் டி.பி. மாதிரி காட்டிடுச்சு. ஜடையைத் தூக்கிக் கட்டி மறுபடி எடுத்தேன்."

"அந்தப் பழைய பிலிம்?"

"குப்பையில போட்டுட்டேன். என் தப்புதாங்க சார்."

டாக்டருக்கு முகம் சிவந்துவிட்டது. "இன்னிக்கு எட்டு மணிக்கு ஃபேக்டரிக்காரங்க லிஸ்ட்டை மூடுறதுக்குள்ள இது வரலைன்னா அந்தப் பொண்ணு சோத்துல மண்ணு! போன மாசம் இந்த முனிராஜு ரெண்டு படத்தைக் கெடுத்தப்போ என்ன சொன்னேன்? 'இனிமே உன் ஈய எழுத்தை வெச்சு எடுடா, யார் எடுத்ததுன்னு பிலிம் மூலையிலேயே விழட்டும். இன்னொண்ணு கெட்டுச்சுன்னா அன்னிக்கே வீட்டுக்குப் போ'ன்னேன். இப்போ சீனியர் நீங்களே கெடுக்கிறீங்க. பரீட்சை என்னாச்சுன்னு கேட்டா யானைக் கதை. உங்களை நம்பியா அம்மாம் பெரிய மிஷினைக் கொடுக்கிறது? முனிராஜு, டிரெய்னிங்குக்கு நீ கிளம்பு!"

வெளியே வந்ததும் முனிராஜுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"ஜடையைத் தூக்கிக் கட்டும்மான்னு சொல்றதுக்கு மேல்படிப்பு எதுக்குண்ணா? எங்க தெரு டெய்லரே சொல்லுவானே!"

"வாஸ்தவம்தான் தம்பி," என்றார் நல்லுசாமி. "நீயும் மறக்காமச் சொல்லு."

அதற்கப்புறம் முனிராஜ் அந்த யானையை விடவே இல்லை. டீக்கடைக்கு டீக்கடை அது வளர்ந்தது. ஒரு நாள் அத்திப்பள்ளியில் வரிசையில் நின்றது. இன்னொரு நாள் கண்டக்டரிடம் சில்லறை கேட்டது. நல்லுசாமி எதிரில் இருந்தால் அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

மறு வருஷம் அவர் அதே பரீட்சைக்குப் போய்த் தேறி, சேலத்தில் வேறு வேலைக்குப் போய்விட்டார். போகும்போது பாடப் புத்தகங்களைக் கட்டாகக் கட்டி முனிராஜ் மேசையில் வைத்தார்.

"தபால்லேயே சேர்ந்து படி தம்பி. ஸ்கேன் ரூம்ல உட்கார்றவனுக்குப் படிப்பு வேணும்."

முனிராஜ் அந்தக் கட்டைப் பிரிக்கவே ஆறு மாசம் ஆயிற்று. அடியில் ஒரு பழைய பிலிம் கவர். மேலே பென்சிலில், 'போலி நிழல் – பாடத்துக்கு' என்று எழுதியிருந்தது.

உள்ளே நல்லுசாமியின் பரீட்சை ஹால் டிக்கெட். பின்பக்கத்தில் அவர் கையெழுத்தில் ஒரு விலாசம்: 'ஜெயமணி, அப்பா பேர் ஆஞ்சப்பன், நாகரசம்பட்டி. ஞாயிறு முதல் பஸ். சாயங்காலத்துக்குள் கூட்டிவந்து படம் எடுக்கணும்.'

ஞாயிறு, அதே பரீட்சை நாள். அப்படியானால் யானை?

கூடவே இருந்த பிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான். குப்பைக்குப் போனதாகச் சொன்ன அதே பிலிம். தோளின்மேல் முறுக்கின கயிறாட்டம் ஜடை.

மூலையில், வெள்ளை வெளேரென்று, அவனுடைய ஈய எழுத்து.

அந்த எழுத்தைக் கவனித்தது உலகத்திலேயே ரெண்டே பேர்தான். நல்லுசாமி செத்தாலும் வாயைத் திறக்கிற ஆள் இல்லை. ஆகையால் ஐயா, அம்மா, உங்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். கதையை எங்கே வேண்டுமானாலும் சொல்லுங்கள். சொன்னது யார் என்று மட்டும் மூச்சு விட்டுவிடாதீர்கள்.