சோயா மட்டன்

வசுந்தராவின் மாமனார் சிவசம்பு சுத்த சைவம். பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்துச் சைவக் கடை ஒன்றின் சோயா மட்டன் என்றால் அவருக்கு உயிர். அடிக்கடி பொட்டலம் வாங்கி வந்து தனியாகவே தின்று தீர்ப்பார்.

வாசனையில் சந்தேகப்பட்ட வசுந்தரா, ஒரு துண்டைத் தன் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோனாள். புரதத்தைப் பெப்டைடுகளாகப் பிரித்து, அவற்றை லேசர் ஒளியால் உடைத்து, எந்த உயிரின் புரதம் என்று காட்டிக்கொடுக்கும் துணுக்குகளின் எடையைப் பார்த்தாள். சோயாவே இல்லை. அசல் ஆடு!

மனசு கேட்காமல் அன்று மாலையே மாமனாரிடம் சொல்லிவிட்டாள்.

"நீங்க இத்தனை நாளா சாப்பிட்டது ஆட்டிறைச்சி, மாமா. அந்தக் கடைக்காரனைச் சும்மா விடமாட்டேன். இப்பவே ரிப்போர்ட் பண்றேன்!"

சிவசம்பு பதறிப்போய்ச் சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"மெதுவா பேசு லா, மாமிக்குக் கேட்டிடும். அவன் பாவம்மா, எனக்கு மட்டுந்தான் தனியா சமைச்சுத் தர்றான்."